வீண்பழியைத் துடைப்பது தீர்ப்பே!

('வீண்பழி சுமந்தவருக்குப் பெரிதும் கைகொடுப்பது தீர்ப்பா? திரைப்படமா?' என்ற தலைப்பில் திருவண்ணாமலையில் நடந்த பட்டிமன்றத்தில், 'தீர்ப்பே' என்ற அணியில் பேசியது)

அக்கினியே மலையாக நிற்கிற திருவண்ணாமலையிலே, அந்த மலைக்கு எதிரே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லவேண்டிய இக்கட்டிலே இருக்கிற நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, உங்களையெல்லாம் அழவைத்துவிட்டு, தான் மட்டும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிட்ட எதிரணிச் சகோதரி அவர்களே! பௌர்ணமிக்குப் பதினான்கு கிலோமீட்டர் நடந்தாலும் அசராத, ஆனால் பேச்சாளர் பதினான்கு நிமிஷம் பேசினால் கடிகாரத்தைப் பார்க்கிற இந்த ஊர்ப் பெருமக்களே! அத்தனை பேருக்கும் வணக்கம். (சிரிப்பு)

சகோதரி என்ன சொன்னார்கள்? 'ராக்கெட்ரி' படத்திலே ஒரு காட்சி. கொட்டுகிற மழை. விஞ்ஞானி நம்பி நாராயணனும் அவருடைய மனைவியும் ஆட்டோவில் போகிறார்கள். தேசத்துரோகி என்று தெரிந்ததும் இரண்டு பேரையும் நடுரோட்டில் இறக்கிவிட்டுவிடுகிறார்கள். அதைச் சொன்னதும் இங்கே முன்வரிசையிலே ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் பார்த்தேன். என் வீட்டிலேயும் அப்படித்தான். அந்தக் காட்சிக்கு என் மனைவி தேம்பித் தேம்பி அழுதாங்க. முப்பது வருஷமா நான் எத்தனையோ நாள் ஆட்டோ கிடைக்காம மழையில நனைஞ்சு வீட்டுக்கு வந்திருக்கேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை. 'குடை எடுத்துட்டுப் போகணும்னு தெரியாதா?'ன்னுதான் கேட்டிருக்காங்க. மாதவன் நனைஞ்சா மட்டும் அழுகை வருது! (சிரிப்பு, கைதட்டல்)

சினிமாவுக்கு அந்தச் சக்தி உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, தலைப்பு 'அழவைப்பது எது?' என்பதல்ல. பழி சுமந்தவருக்குக் கைகொடுப்பது எது என்பது. அழுதவர்கள் நாம். பழி சுமந்தவர் அவர். அவருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கவேண்டும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

நம்பி நாராயணன் நம்ம நாகர்கோவில்காரர். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவிலே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு, அங்கேயே தங்கிச் சம்பாதிக்காமல் திரும்பி வந்தவர். பிரான்ஸ் நாட்டுக்குக் குழுவோடு போய், திரவ எரிபொருள் இன்ஜின் செய்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு வந்து, 'விகாஸ்' என்கிற இன்ஜினை நமக்குத் தந்தவர்களில் முதன்மையானவர். சந்திரயான் போச்சு, மங்கள்யான் போச்சு என்று நாம் இனிப்பு வழங்கினோமே, அந்த ராக்கெட்டுகளின் இரண்டாவது அடுக்கிலே எரிந்தது அந்த விகாஸ்தான்.

1994 அக்டோபர் 15. பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முதலாக வெற்றிகரமாக மேலே போனது. அன்றைக்கு அவர்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்கள். சரியாக 5 நாள். அக்டோபர் 20. திருவனந்தபுரத்திலே மரியம் ரஷீதா என்ற மாலத்தீவுப் பெண்ணை, விசா முடிந்தும் தங்கியிருந்தார் என்று போலீஸ் கைது செய்தது. விசா வழக்கு உளவு வழக்காக வளர்ந்தது. அவருடைய தோழி பௌசியா ஹசன், இஸ்ரோ விஞ்ஞானி சசிகுமாரன், ரஷ்ய நிறுவனத்தின் இந்தியப் பிரதிநிதி சந்திரசேகர், தொழிலாளர் ஒப்பந்தக்காரர் சர்மா என்று சங்கிலி நீண்டு, நவம்பர் 30ஆம் தேதி நம்பி நாராயணன் கைது. வெற்றிக் கண்ணீருக்கும் விலங்குக்கும் நடுவிலே 46 நாள்!

என்ன குற்றச்சாட்டு? கிரையோஜெனிக் இன்ஜின் ரகசியத்தைப் பாகிஸ்தானுக்கு விற்றுவிட்டாராம்.

கிரையோஜெனிக் என்றால் என்ன? ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்கி எரிக்கிற தொழில்நுட்பம். அது நம்மிடம் இருந்ததா? இல்லை! 1991இல் ரஷ்யாவிடம் கேட்டு ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்கா கூடாது என்று 1992இல் தடை போட்டது. 1993இல் ரஷ்யா, 'இன்ஜின் வேண்டுமானால் தருகிறேன், தொழில்நுட்பம் தரமாட்டேன்' என்று கையை விரித்துவிட்டது. நாமே செய்த கிரையோஜெனிக் இன்ஜின் வானத்தில் வெற்றி பெற்றது 2014 ஜனவரி 5ஆம் தேதி. அப்படியென்றால் 1994இல் அவர் விற்றது எதை? உங்க ஊர் வழக்கிலேயே கேட்கிறேன். 'என் காட்டு மல்லாட்டையைத் திருடிட்டான்'னு ஒருத்தன் பஞ்சாயத்துக்கு வர்றான். 'எத்தனை மூட்டைப்பா?'ன்னு கேட்டா, 'இனிமேத்தான் விதைக்கணுங்க'ங்கிறான்! (பலத்த சிரிப்பு)

அதுவும் ராக்கெட் ரகசியம் என்ன தினசரிக் காலண்டரா, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போக? நூற்றுக்கணக்கான பேர், வருஷக்கணக்கில் உழைத்துக் கற்கவேண்டிய வித்தை அது. ஆனால் அன்றைக்கு எவன் யோசித்தான்? பத்திரிகைகள் தினம் ஒரு கதை எழுதின. உளவுக்காரி, அழகி, விஞ்ஞானி, டாலர் என்று எழுதினால் விற்காமல் இருக்குமா? நாமும் டீக்கடையிலே ஒரு டீயை மூன்று பேர் பகிர்ந்து குடித்துக்கொண்டு அதைப் படித்தோம். அந்தப் பரபரப்பிலே கேரள முதலமைச்சர் கருணாகரனே 1995 மார்ச்சில் பதவி விலக நேர்ந்தது. நம்பி நாராயணன் 50 நாள் சிறையிலும் காவலிலும் கிடந்தார். விசாரணையில் அடி உதை. வெளியே அவர் குடும்பம் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. மனைவியின் மனநிலையே பாதிக்கப்பட்டது.

இனிமேல்தான் நடுவர் அவர்கள் கவனிக்கவேண்டும். படம் வந்தது 2022 ஜூலை 1ஆம் தேதி. கைதானதிலிருந்து கிட்டத்தட்ட 28 வருஷம். இந்த 28 வருஷமும் அந்த மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்? மாதவன் வருவார், படம் எடுப்பார் என்றா நின்றார்? காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார் ஐயா! 1996இல் சி.பி.ஐ., 'இந்த வழக்கில் ஆதாரமே இல்லை' என்று எழுதிக் கொடுத்தது. எர்ணாகுளம் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது ஒரு காகிதம். அதையும் மீறிக் கேரள அரசு மறுபடி விசாரிக்கிறேன் என்றது. 1998 ஏப்ரல் 29, உச்ச நீதிமன்றம் அந்த மறுவிசாரணையை ரத்து செய்தது. அது இரண்டாவது காகிதம். அவ்வளவு போதும் என்று வீட்டுக்குப் போய்ப் பேரனைக் கொஞ்சியிருக்கலாம். போகவில்லை. மனித உரிமை ஆணையத்துக்குப் போனார். 2001இல் 10 லட்சம் கொடு என்றது ஆணையம். கொடுத்தார்களா? 2012இல் உயர்நீதிமன்றம் ஒரு தடவை அதட்டவேண்டியிருந்தது. 'சரி, எனக்கு இதைச் செய்தது யார்?' என்று கேட்டு மறுபடி உச்ச நீதிமன்றம். 2018 செப்டம்பர் 14ஆம் தேதி, தேவையில்லாமல் கைது செய்து இவரைத் துன்புறுத்தியிருக்கிறீர்கள் என்று சொல்லி, 50 லட்சம் இழப்பீடும், தவறு செய்த அதிகாரிகளைப் பற்றி விசாரிக்க நீதிபதி ஜெயின் தலைமையில் ஒரு குழுவும் என்று உத்தரவு. அடுத்த வருஷம் பத்மபூஷண். இத்தனைக்கும் பிறகுதான் நடுவர் அவர்களே, திரையரங்கிலே திரை விலகியது!

1998 தீர்ப்பு ஒன்று இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தயாரிப்பாளர் தேசத்துரோகி என்று பெயர் வாங்கியவர் கதையைத் தொடுவார்? தணிக்கையில் விடுவார்களா? தீர்ப்பு என்பது கல்யாணம். படம் என்பது கல்யாண வீடியோ. வீடியோ அழகாகத்தான் இருக்கும். தாலி கட்டியது வீடியோக்காரர் இல்லையே! (கைதட்டல்)

அடுத்து, எனக்கு மனசை உறுத்துகிற ஒரு விஷயம். அந்த வழக்கிலே சிக்கியவர்கள் 6 பேர். படம் யாருடைய கதை? ஒருவருடைய கதை. சினிமாவின் தர்மம் அது, ஒரே ஒரு கதாநாயகன்தான் இருக்கமுடியும். மற்ற 5 பேரை யார் நினைத்து அழுதோம்? அந்த இரண்டு மாலத்தீவுப் பெண்கள் 3 வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார்கள். நம்பி நாராயணன் 50 நாள். அவர்கள் 3 வருஷம்! ஊர் தெரியாது, பாஷை தெரியாது, பார்க்க வர உறவு இல்லை. பௌசியா ஹசன் அவர்கள் நாட்டுச் சினிமாவிலே நடித்தவர். அவருக்கு ஒரு படம் யார் எடுத்தார்கள்? படம் வெளிவந்த இரண்டே மாதத்தில், 2022 ஆகஸ்டில், கொழும்பில் காலமானார். நம்ம ஊர்ப் பத்திரிகையில் எத்தனை பேர் படித்தீர்கள்?

ஆனால் 1998 தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். அதிலே கதாநாயகன் கிடையாது. 6 பேருக்கும் ஒரே உத்தரவு. ஒவ்வொருவருக்கும் 1 லட்சம் கொடு என்றது. விஞ்ஞானிக்கு ஒன்று, வெளிநாட்டுப் பெண்ணுக்கு ஒன்று என்று தராசை மாற்றிப் பிடிக்கவில்லை. ஒரு லட்சம் என்ன காசா என்று கேட்பீர்கள். காசு இல்லை. ஆனால் மரியம் ரஷீதாவை உளவாளி என்று சொல்ல இந்த நாட்டில் இனி எவனுக்கும் உரிமையில்லை என்று எழுதியிருக்கிறதே, அது படத்தில் இல்லை, அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். படம் வந்த அடுத்த மாதமே, இஸ்ரோவில் மூத்த பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற சிலர் திருவனந்தபுரத்தில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, 'படத்தில் சொல்லியிருக்கிற பல சாதனைகள் உண்மையில்லை' என்று சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் யார் இருந்தார் தெரியுமா? சசிகுமாரன்! அதே வழக்கில் கைதாகி அதே தீர்ப்பால் விடுபட்டவர். யார் சொல்வது சரி என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. ராக்கெட் பற்றித் தமிழ்ப் பேராசிரியர் தீர்ப்புச் சொன்னால் அது எங்கே போய் விழும் என்று தெரியாது. (சிரிப்பு) என் வாதம் வேறு. படத்தைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் சண்டை போடலாம். 1998 தீர்ப்பைப் பற்றி இரண்டு பேருக்கும் சண்டையே கிடையாது.

எதிரணித் தலைவர் 'ஜெய் பீம்' என்றார். ராஜாக்கண்ணு. 1993. நகை திருடினார் என்று பிடித்துக்கொண்டு போய்க் காவல் நிலையத்திலேயே அடித்துக் கொன்றார்கள். வழக்கறிஞர் சந்துரு ஆட்கொணர்வு மனுப் போட்டார். 2006இல் உயர்நீதிமன்றம் போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கொடுத்தது. படம் வந்தது 2021. ஐயா, நான் கேட்கிறேன், அந்தப் படத்தில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டிய இடம் எது? பாட்டா? சண்டையா? நீதிமன்றக் காட்சிதானே! உங்கள் படத்தின் உச்சக்கட்டமே எங்கள் அணியின் வாதமய்யா! (பலத்த கைதட்டல்)

'விசாரணை' படம் சொன்னார்கள். அது நியாயமான அம்பு. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் சந்திரகுமார், 1980களில் குண்டூர் போலீஸ் கையில் பட்ட பாட்டை 'லாக்கப்' என்று நாவலாக எழுதினார். வெற்றிமாறன் 2016இல் படமாகத் தந்தார். நீதிமன்ற வாசலே எட்டாத ஏழைக்குப் பேனாவும் கேமராவும்தானே கதி என்று கேட்டார்கள். எனக்கும் அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து, அடித்த கை எது என்று யாராவது பிடித்துக் கேட்க முடிந்ததா? பெயர் மாறிவிடுகிறது, முகம் மாறிவிடுகிறது. தீர்ப்பில் பெயர் மாறாது.

இப்போது என் சொந்த வீட்டுக்கு, சிலப்பதிகாரத்துக்கு வருகிறேன். தமிழ் வாத்தியாரைக் கூப்பிட்டுவிட்டுச் சிலம்பு வேண்டாமென்றால் எப்படி? கோவலன் கதை எல்லாருக்கும் தெரியும். பாண்டியன் ஊடல்கொண்ட மனைவியைச் சமாதானம் செய்ய அவசரமாகப் போய்க்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துப் பொற்கொல்லன் வந்து காதைக் கடித்தான். வீட்டிலே சண்டை நடக்கும்போது எந்தப் புருஷனிடமும் கையெழுத்து வாங்கக்கூடாது என்பதற்கு அது ஒன்றே சாட்சி! (சிரிப்பு) சிலம்பை உடைத்து முத்தா மாணிக்கமா என்று பார்த்ததெல்லாம் தலை போன பிறகு.

ஆனால் அதே காப்பியத்தில், கட்டுரை காதையில், இன்னொரு கதை இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை. திருத்தங்கால் என்ற ஊரில் வார்த்திகன் என்று ஒரு ஏழை அந்தணன். அவன் பிள்ளையின் திறமையைப் பார்த்து மகிழ்ந்து, வழியே போன பராசரன் என்கிற பெரியவர் தனக்குப் பரிசாகக் கிடைத்த நகைகளை அந்தச் சிறுவனுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஏழை வீட்டுப் பிள்ளை கழுத்தில் நகை மின்னினால் ஊர் பொறுக்குமா? 'அரசனுக்குச் சேரவேண்டிய புதையலை எடுத்துவிட்டான்' என்று கோள். வார்த்திகன் சிறையில். அவன் மனைவி தரையில் விழுந்து புரண்டு அழுகிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்காமல் நின்றுவிடுகிறது. பாண்டியன் பதறிப்போய், எங்கே தவறு நடந்தது என்று விசாரிக்கிறான். உண்மை தெரிந்ததும் என்ன செய்தான்? விடுதலை செய்தான். திருத்தங்கால், வயலூர் என்ற இரண்டு ஊர்களை இழப்பீடாகக் கொடுத்தான். அதோடு விடவில்லை, அரசன் மண்ணிலே விழுந்து மன்னிப்புக் கேட்டான்! அவன் யார்? பின்னால் கோவலனைக் கொன்ற அதே பாண்டியன் நெடுஞ்செழியன்தான். ஒரே அரசன். விசாரித்தபோது ஒரு குடும்பம் பிழைத்தது. விசாரிக்காதபோது மதுரையே எரிந்தது.

இளங்கோவடிகள் பாடினாரே, அது அந்தக் காலத்துச் சினிமாதானே என்று எதிரணியில் முணுமுணுக்கிறார்கள். காதில் விழுகிறது. பாட்டு அழியாதது. ஆனால் வார்த்திகன் மனைவிக்கு அன்று இரவு புருஷன் வீடு வந்து சேர்ந்தது பாட்டால் இல்லை, அரசன் ஆணையால்.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் நடந்தது. இரவுக் காவலர் ஒருவர். அலுவலகத்தில் ஒரு தட்டச்சு இயந்திரம் காணோம் என்று அவர்மேல் பழி. வேலையை விட்டு நிறுத்தினார்கள். 8 மாதம் கழித்து, அது பழுதுபார்க்கப் போன கடையிலேயே கிடப்பதாக ஒரு ரசீது கிடைத்தது. மறுபடி வேலைக்கு வரச்சொன்னார்கள். எல்லாரும் அவர் தோளைத் தட்டி, 'நீ நல்லவன்னு எனக்கு அப்பவே தெரியும்பா' என்றார்கள். அவர் சொன்னார்: 'தெரிஞ்சதை எழுதிக் கொடுங்க ஐயா.' விடவில்லை. முதல்வர் முத்திரையோடு, 'இவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை' என்று அரைப்பக்கம் வாங்கினார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டார். கொஞ்ச நாள் கழித்து அவர் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். சம்பந்தி வீட்டார் உட்கார்ந்து காபியை வாயில் வைப்பதற்கு முன்னால், மனுஷன் அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி அவர்கள் மடியில் வைத்தார். 'முதல்ல இதைப் படிச்சிடுங்க. நாளைக்கு வேற யாரும் சொல்லி நீங்க கேட்கக்கூடாது.' எனக்கு அழைப்பு இருந்ததால் நானும் அங்கே இருந்தேன். அந்த அம்மா எழுத்துக்கூட்டிப் படித்து முடித்து, தலையை ஆட்டி, காபி டம்ளரை எடுத்தார்கள். கல்யாணம் நடந்தது.

(நடுவர் குறுக்கிட்டு: 'ஐயா, 24 வருஷம் கழித்து வந்தால் அது என்ன தீர்ப்பு?')

சரியான கேள்வி. நான் நீதிமன்றத்துக்கு வக்காலத்து வாங்கினேனே தவிர வாய்தாவுக்கு வாங்கவில்லை! (சிரிப்பு) வழக்கில் சிக்கிய சந்திரசேகர், 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அதே நாள் பெங்களூரில் நினைவிழந்து கிடந்தார். அந்தச் செய்தியை அவரிடம் சொல்லக்கூட முடியவில்லை. இரண்டு நாளில் இறந்துபோனார். அதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது, நடுவரிடமும் இருக்காது. ஆனால் அந்தக் குறைக்கு மருந்து, சீக்கிரம் தீர்ப்புக் கேட்பதுதானே தவிர, சீக்கிரம் சினிமா எடுப்பது இல்லை.

முடித்துவிடுகிறேன். இந்த ஊர்த் தலபுராணத்தில் ஒரு பொய்ச்சாட்சி உண்டு. முடியைக் கண்டேன் என்று பிரம்மா பொய் சொன்னார். ஆமாம் என்று தாழம்பூ சாட்சி சொன்னது. அண்ணாமலையார் அன்றைக்குக் கொடுத்த தண்டனை, இன்றைக்கும் சிவபூஜைக்குத் தாழம்பூ இல்லை. நம்பி நாராயணன் வழக்கில் தாழம்பூ யார்? 2021இல் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.யை விசாரிக்கச் சொன்னது. 2024இல் போலீஸ், உளவுத்துறை முன்னாள் அதிகாரிகள் 5 பேர்மேல், வழக்கையே இட்டுக்கட்டினார்கள் என்று குற்றப்பத்திரிகை தாக்கலானது.

இந்த இடத்தில்தான் சகோதரிக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம். அந்த 5 பேரின் பெயரை நான் இந்த மேடையில் சொல்லமாட்டேன். குற்றப்பத்திரிகைதான் வந்திருக்கிறது, தீர்ப்பு வரவில்லை. 1994இல் 6 பேருக்கு நாம் தராத சலுகையை இவர்களுக்கும் தந்தாகவேண்டும். படம் பார்த்தவர்கள் வில்லன் யார் என்று முடிவுகட்டிவிட்டு, பாப்கார்னைக் காலிசெய்துவிட்டு வீட்டுக்குப் போயாச்சு. இவர்கள் செய்தார்களா, இல்லையா என்று இரண்டு தரப்பையும் கேட்டு எழுதவேண்டிய வேலை ஒரு நீதிபதிக்கு இருக்கிறது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அவர் அடிக்கிறதுக்கு முன்னால் நானே உட்கார்ந்துவிடுகிறேன். வணக்கம். (பலத்த கைதட்டல்)